மாப்பிள்ளை கைபட்ட வயரிங்

கீழச்சேத்தி,
திருத்துறைப்பூண்டி வட்டம்.
மாசி மாதம், வியாழக்கிழமை.

அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மாப்பிள்ளை பரிதி அவர்களுக்கு, மாமனார் துரைராசு எழுதிக்கொள்வது.

இங்கு நானும் உங்கள் அத்தையும் நலம். அங்கே தாங்களும் செம்மொழியும் சம்பந்தி வீட்டாரும் நலமாக இருக்கிறீர்களா என்று அறிய ஆவல். தலைப்பொங்கலுக்கு வந்தபோது நம் பிக்கப் வண்டியின் முன்னால் தாங்கள் மாட்டிவிட்டுப் போன ஜோடி விளக்கின் நலத்தையும் போன வாரம் போனில் விசாரித்தீர்கள். "ஜம்முனு எரியுது மாப்ள" என்று சொன்னேன். அது பொய்யில்லை. ஜம்மென்றுதான் எரிகிறது. அதை அணைக்கத்தான் இந்தத் தாலுகாவில் ஒருத்தருக்கும் வழி தெரியவில்லை.

இந்தக் காலத்தில் கடிதமா என்று தாங்கள் ஆச்சரியப்படலாம். போனில் சொல்லலாம் என்றால், இங்கே உங்கள் அத்தை ஸ்பீக்கரில் போடச் சொல்லி என் தோளுக்கு மேல் நிற்கிறாள். அங்கே செம்மொழி ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சமைத்துக்கொண்டிருக்கிறாள். நாலு பேர் காதுபட மாப்பிள்ளை வேலையில் குறை சொன்னால் அப்புறம் எனக்கு இந்த வீட்டில் ரசம்கூட கிடைக்காது. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால், என் போனில் வருவது போவது எல்லாவற்றையும் உங்கள் அத்தை பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாள். ஆகையால்தான் தங்கள் ஆபீஸ் விலாசத்துக்கு ஸ்பீடு போஸ்டில் இது. நான் கேட்பது ஒன்றே ஒன்று. அந்த விளக்குகளைக் கழற்ற ஒரு அனுமதி. "கழட்டிப் போடுங்க அத்தை, நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்" என்று தாங்கள் போன் போட்டு உங்கள் அத்தையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும். களத்தில் நெல் கிடக்கிறது, வானம் மூடிக்கொண்டு வருகிறது, வண்டி நகரமாட்டேன் என்கிறது. அது எப்படி இந்த நிலைமைக்கு வந்தது என்பதைத் தாங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக விவரமாக எழுதுகிறேன். பொறுமையாகப் படிக்கவும். நான் பொறுமையாக இருந்த அளவுக்கு வேண்டாம், அதில் பாதி போதும்.

மாட்டுப்பொங்கல் அன்று நடந்ததைத் தாங்கள் மறந்திருக்க முடியாது. இந்தத் தெருவும் மறக்கவில்லை. போன வருஷம் பனிமூட்டத்தில் வழி தெரியாமல் நான் வண்டியோடு வாய்க்காலில் இறங்கிய கதையைச் செம்மொழி சொல்லப்போய், தாங்கள் மனம் வருந்தி, ஆன்லைனில் தேடிப்பிடித்து, அந்த அட்டைப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே சென்னையிலிருந்து வந்தீர்கள். எனக்கு ஒரு பையன் பிறந்திருந்தால்கூட இப்படி யோசித்திருப்பானா என்று அன்றைக்கு எனக்குக் கண் கலங்கியது உண்மை. இப்போதும் கலங்குகிறது; காரணம்தான் வேறு. டவுனில் ஷேக் பரீத் கடையில் கொடுத்து மாட்டிக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். "எதுக்கு மாமா, நாலே நாலு வயர், நானே பண்ணிர்றேன்" என்று தாங்கள் பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பம்பருக்கு அடியில் புகுந்துவிட்டீர்கள். தெருவே திரண்டு வந்தது. குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் அடித்து, நெட்டிமாலை போட்டு நிறுத்தியிருந்த மாடுகளைத் திரும்பிப் பார்க்க நாதியில்லை. "உங்க மருமவன் கம்ப்யூட்டர்தான படிச்சாரு?" என்று யாரோ கேட்டதற்கு, "ஏன், கம்ப்யூட்டர்ல வயரு இல்லியா, வண்டியில வயரு இல்லியா?" என்று உங்கள் அத்தை கேட்டு அந்த ஆளின் வாயை அடைத்துவிட்டாள். தாங்கள் ஒரு கையில் கட்டிங் பிளேயரும் இன்னொரு கையில் போனுமாகப் படுத்திருந்தீர்கள். போனில் ஒருத்தர் இந்தியில் விளக்கிக்கொண்டிருந்தார். தாங்களும் அதற்குத் தலையாட்டிக்கொண்டிருந்தீர்கள். தங்களுக்கு இந்தி தெரியும் என்று அன்றைக்கு நினைத்துப் பெருமைப்பட்டேன். தெரியாது என்று செம்மொழி பிறகுதான் சொன்னாள்.

வேலை முடிந்து தாங்கள் எழுந்தபோது பெட்டிக்குள் கறுப்பாக ஒரு சின்னக் கட்டி மிச்சம் இருந்தது. "இது எதுக்கு மாப்ள?" என்று கேட்டேன். "அது எக்ஸ்ட்ரா மாமா, வச்சுக்குங்க" என்றீர்கள். அதற்குப் பெயர் ரிலே என்றும், விளக்குக்குப் போகிற கரண்டை அதுதான் தாங்கும், அது இல்லாமல் மாட்டினால் மற்ற வயரெல்லாம் வெந்துபோகும் என்றும் எனக்குப் பின்னால்தான் தெரியவந்தது. தாங்கள் கொடுத்ததாயிற்றே என்று உங்கள் அத்தை அதற்குப் பொட்டு வைத்துச் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். தினமும் சூடம் காட்டுகிறாள். வேலை செய்ய வேண்டிய இடத்தில் வேலை செய்யாமல் கும்பிடு மட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறது அது. போகட்டும். சுவிட்சைத் தட்டினீர்கள், பட்டப்பகலில் இரண்டு விளக்கும் எரிந்தன, எல்லோரும் கைதட்டினோம். ஒன்று தென்னை மரத்து உச்சியைப் பார்த்து எரிந்தது, மற்றது எதிர்வீட்டு மாடி ஜன்னலைப் பார்த்து எரிந்தது. ரோட்டைப் பார்க்க எனக்கு ஏற்கெனவே இரண்டு கண் இருப்பதால் அதைத் தாங்கள் விட்டுவிட்டீர்கள் போலும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

தாங்கள் பஸ் ஏறிய மறுநாள் காலையில் வண்டியை எடுக்கப் போனேன். சாவி என் இடுப்பில் இருக்கிறது, சுவிட்ச் அணைந்திருக்கிறது, விளக்கு இரண்டும் மினுக் மினுக்கென்று எரிந்துகொண்டிருக்கின்றன. விடிய விடிய எரிந்து பேட்டரியை உறிஞ்சிவிட்டுக் கொஞ்சம் அசதியாகத் தெரிந்தன, அவ்வளவுதான். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. அன்றிலிருந்து நான் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்துவதில்லை. வாய்க்கால் கரையின் சரிவில்தான் நிறுத்துகிறேன், காலையில் உருட்டிவிட்டு ஏறிக்கொள்ளலாம் என்று. உருண்டு கிளம்பினால் அடுத்த கூத்து. இடதுபக்கம் திரும்பச் சிக்னல் போட்டால் வலதுபக்க விளக்கு கண்ணடிக்கிறது. பஞ்சாயத்து ஆபீஸ் முன்னால் நான் திரும்பும்போது தலைவியம்மா படி இறங்கி வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்து வண்டி ஐந்தாறு தடவை கண்ணடித்தது. இந்த வயதில் எனக்கு இந்தப் பெயர் தேவையா? ஹாரன் அடித்தாலோ இரண்டு விளக்கும் மின்னல் வெட்டின மாதிரி பளீரென்று எரிகின்றன. அறுத்த வயலில் வாத்து மேய்க்கிறவர் தன் கூட்டத்தை ரோட்டைத் தாண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். நான் மரியாதையாகச் சின்னதாக ஒரு ஹாரன் கொடுத்தேன். அவ்வளவு வாத்தும் மிரண்டு அறுக்காமல் நின்ற வயலுக்குள் பாய்ந்தன. வயல்காரர் ஒருபக்கம், வாத்துக்காரர் ஒருபக்கம், நடுவில் நான். இரண்டு பேரும் என் பரம்பரையையே இழுத்துத் திட்டினார்கள். நான் தங்கள் பெயரை இழுக்கவில்லை என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

இவ்வளவு ஆனபின் கழற்றி எறிய வேண்டியதுதானே என்று தாங்கள் கேட்கலாம். நான் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பம்பர் பக்கம் போனதுமே உங்கள் அத்தை வந்து குறுக்கே நின்றுவிட்டாள். "வையிங்க அதைக் கீழ. மாப்பிள்ளை கைபட்ட வேலை அது. தலைப்பொங்கலுக்கு வந்த மனுசன் மண்ணுல உருண்டு மாட்டிட்டுப் போயிருக்காரு. அவரு ஊரு போயி சேர்றதுக்குள்ள நாம பிரிச்சா, உங்க வேலையில எங்களுக்கு நம்பிக்கை இல்லைன்னு சொன்ன மாதிரி ஆவாதா? நாளைக்கு எம்பொண்ண அவுங்க வீட்ல யாராவது ஒரு சொல்லு சொல்லிட்டா நீங்களா போயி கேப்பீங்க?" என்றாள். கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும் மாப்பிள்ளை. ஆனால் அவள் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை. ஒற்றைப் பெண்ணைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே பயம். தங்கள் வீட்டில் எல்லோரும் படித்தவர்கள், நாங்கள் சேற்றில் நிற்கிறவர்கள், எங்களால் பிள்ளைக்கு ஒரு தலைக்குனிவு வந்துவிடக்கூடாது என்று. அந்தப் பயத்தை வைத்துக்கொண்டு அவள் தாங்கள் போட்ட இன்சுலேஷன் டேப்பைக்கூட யாரையும் தொடவிடுவதில்லை. தாலிக்குக்கூட இவ்வளவு காவல் இருந்து நான் பார்த்ததில்லை.

சரி, பிரிக்காமல் பழுது பார்க்கலாமே என்று ஷேக் பரீத் கடைக்கு ஓட்டிக்கொண்டு போனேன். உங்கள் அத்தையும் காவலுக்கு ஏறிக்கொண்டாள். ஷேக் பரீத் இந்தப் பக்கத்து வண்டிகளுக்கெல்லாம் வயரிங் பார்க்கிறவர். பானட்டைத் திறந்து ஒரு நிமிஷம் உள்ளே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அப்புறம் அவர் கடைப் பையனுக்கு லீவு கொடுத்து அனுப்பினார், இதையெல்லாம் பார்த்துக் கெட்டுப்போய்விடக்கூடாது என்று. "அண்ணே, யாரு மாட்டுனது?" என்றார். உங்கள் அத்தை, "எங்க மாப்பிள்ளை, எஞ்சினியரு" என்றாள். அவர் உடனே குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நல்லாத்தாங்க்கா மாட்டியிருக்காரு. பிரிச்சுப் பாத்தா என்னன்னு சொல்லிடலாம்" என்றார். "பிரிக்காமப் பாருங்க தம்பி." "அக்கா, டாக்டர்கிட்ட வந்துட்டு வாயத் தொறக்க மாட்டேன்னா அவரு பல்ல எப்படி புடுங்குவாரு?" "பல்லு நல்ல பல்லுதான். வலிதான் எங்கேருந்து வருதுன்னு பாருங்க" என்றாள். கடைசியில் தாங்கள் போட்ட வயரை அப்படியே விட்டுவிட்டு அதற்குப் பக்கத்திலேயே அவர் புதிதாக ஒரு செட் வயர் இழுத்தார். தாங்கள் போட்டது சிவப்பு, அவர் போட்டது பச்சை. அதன் பலன் என்னவென்றால், இப்போது விளக்கைப் போட்டால் கூடவே வைப்பரும் ஓடுகிறது. வெயில் கொளுத்துகிறது, நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே போகிறேன். "மழ வருமா அண்ணே?" என்று எதிரே வருகிறவனெல்லாம் வானத்தைப் பார்க்கிறான்.

அந்தச் சமயத்தில்தான் தங்களுக்குப் போன் போட்டு, வண்டியில் சின்னதாக ஒரு சந்தேகம் என்று நாசூக்காகக் கேட்டேன். நினைவிருக்கும். "எர்த் செக் பண்ணுங்க மாமா. மல்டிமீட்டர் இருக்கா?" என்றீர்கள். இந்த ஊரில் இருக்கிற ஒரே மீட்டர் கொள்முதல் நிலையத்தில் நெல் ஈரம் பார்க்கிற மீட்டர். அதைக் கேட்டால் தருவார்களா? தாங்கள் உடனே ஒரு வீடியோ அனுப்பினீர்கள். அதே இந்திக்காரர். நான் மரியாதைக்கு முழுசும் பார்த்தேன். அவர் மாட்டிய விளக்கு நன்றாக எரிந்தது, சந்தோஷம். ஆனால் ஸ்பீக்கரில் எர்த் என்ற சொல் உங்கள் அத்தை காதில் விழுந்துவிட்டது. போர்செட்டு மோட்டாருக்கு எர்த் சரியில்லை என்றால் குழியில் உப்பைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுவோம் அல்லவா, அந்த வைத்தியத்தை அவள் வண்டிக்கும் செய்துவிட்டாள். நான் குளித்துவிட்டு வருவதற்குள் பம்பரிலிருந்து பேட்டரி வரைக்கும் இரண்டு குடம் உப்புத் தண்ணீர். "மாப்பிள்ளைதான எர்த்தைப் பாக்கச் சொன்னாரு" என்றாள். அவளைக் கோபிக்க முடியாது, தங்களையும் கோபிக்க முடியாது. நான் துருவைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக வந்தான் மைக்செட் அறிவுமதி. நம் கோயில் திருவிழாவுக்குக் கலர் பல்பாலேயே அம்மனை நிறுத்தி, அந்த அம்மனைக் கண் சிமிட்டவும் வைப்பானே, அவன்தான். யாரும் கூப்பிடவில்லை, வண்டி கண்ணடிக்கிறது என்று கேள்விப்பட்டுத் தொழில் ஆர்வத்தில் வந்தான். வந்தவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா பார்த்துவிட்டுப் போயிருக்கலாம். "அத்தை, மாப்பிள்ளை போட்டதைத் தொடவே மாட்டேன், நான் என் லைன்ல குடுக்குறேன்" என்றான். அந்த ஒரு வார்த்தையில் உங்கள் அத்தை அவனுக்கு டீ போட உள்ளே போய்விட்டாள். அவன் சீரியல் செட் போட்டுப் பழகின கை. இரண்டு விளக்கையும் ஒன்றோடொன்று கோர்த்து மாலை கட்டுவது போலக் கட்டிவிட்டான். அதோடு விட்டானா? திருவிழா பல்பை ஓடவிடுகிற ஒரு டப்பாவையும் நடுவில் சொருகினான். இப்போது இடது, வலது, இடது, வலது என்று விளக்குகள் மாறி மாறி எரிகின்றன. டாஷ்போர்டில் ஒரு மரப்பலகை, அதில் நாலு சுவிட்ச். எந்த சுவிட்ச் எதற்கு என்று அவனுக்கும் தெரியாது. மறுநாள் பனிமூட்டத்தில் நான் கோயில் தெரு வழியாகப் போனேன். பனிக்குள்ளிருந்து விளக்கு ஆடி ஆடி வருவதைப் பார்த்துவிட்டு, சாமி புறப்பாடு என்று ஒரு வீட்டில் தட்டில் தேங்காய் சூடத்தோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள். நான் கண்ணாடியை இறக்கி, "நாந்தாங்க, துரைராசு" என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்த அம்மாளுக்கு அவ்வளவு ஏமாற்றம். ஏற்றின சூடத்தை வீணாக்க வேண்டாம் என்று வண்டிக்கே காட்டி அனுப்பினார்கள்.

ஆக, இன்றைய நிலவரப்படி நம் வண்டியின் முன்னால் தங்களது சிவப்பு வயர், ஷேக் பரீத்தின் பச்சை வயர், அறிவுமதியின் மஞ்சள் வயர் ஆகிய மூன்றும் பின்னிப் பிணைந்து தொங்குகின்றன. கோழி ஒன்று அதில் முட்டையிடப் பார்த்தது. மேற்படி மூன்றில் எதைப் பிரித்தாலும் தங்கள் சிவப்பு வயரைத் தொடாமல் பிரிக்க முடியாது என்று நிபுணர்கள் இருவரும் கையை விரித்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை, இதுவரை எழுதியதைப் படித்துவிட்டுத் தாங்கள் சிரித்திருந்தால் நல்லது, சிரிக்கட்டும் என்றுதான் எழுதினேன். இனிமேல் எழுதுவதைச் சிரிக்காமல் படிக்கவும். சம்பா அறுவடை முடிந்து மொத்த நெல்லும் களத்தில் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. நாற்று விட்டதிலிருந்து வெள்ளத்தில் ஒரு தடவை அழுகி, மறுபடி நட்டு, பூச்சிக்குத் தப்பி, இந்த ஒரு போகம்தான் எங்களுக்கு இந்த வருஷம். கொள்முதல் நிலையத்தில் நாளைக்கு நம் முறை. அறுவடைச் சமயத்தில் வாடகை வண்டி கேட்டால், கல்யாணத்துக்கு மண்டபம் கேட்ட மாதிரி அடுத்த மாதம் வா என்கிறார்கள். நம் வண்டிதான் கதி. மத்தியானத்திலிருந்து நாகப்பட்டினம் பக்கம் கடலோரம் வானம் கறுத்துக்கொண்டு வருகிறது. ஒரு மழை அடித்தால் நெல்லில் ஈரம் ஏறும், ஈரம் ஏறினால் எடுக்கமாட்டார்கள், எடுக்காமல் கிடந்தால் மூட்டையிலேயே முளைத்துவிடும். எனக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் இல்லை. பயமாக இருக்கிறது என்று வீட்டில் சொன்னால் அவள் இன்னும் பயப்படுவாள், ஆகையால் தங்களிடம் சொல்கிறேன். இந்தத் தபால் தங்கள் கைக்கு வருவதற்குள் நாளை போய்விடும் என்று எனக்கும் தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு அடைக்கும் போலிருக்கிறது. நாளைக்கு எப்படியோ உருட்டிப் புரட்டிப் போய்ச் சேர்ந்தாலும், அடுத்த நடைக்காவது தங்கள் அனுமதி வேண்டும்.

தங்களுக்கும் செம்மொழிக்கும் வாழ்க்கையில் எல்லா விளக்கும் வேண்டிய நேரத்தில் எரிந்து, வேண்டாத நேரத்தில் அணைந்து, போகிற திசையைப் பார்த்தே வெளிச்சம் கொடுக்க வேண்டும் என்று மனதார வாழ்த்துகிறேன். சம்பந்தி அவர்களுக்கும் சம்பந்தியம்மாவுக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும். அத்தை விசாரித்ததாகச் சொல்ல முடியாது, அவளுக்கு இந்தக் கடிதம் தெரியாது.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மாமனார்,
கா. துரைராசு.

பின்குறிப்பு: மேலே கேட்ட அனுமதி வேண்டாம். நேற்று எழுதியதை ஒட்டாமல் வைத்திருந்தேன். இன்று சாயங்காலம் இதைச் சேர்த்து எழுதுகிறேன். காலையில் தெருக்காரர்கள் நாலு பேர் வந்து மூட்டையை ஏற்றிக் கொடுத்தார்கள். கறுத்த மேகம் தலைக்கு மேல் வந்து நின்றது. நான் சாவியைத் திருகினேன். வைப்பர் ஓடியது, ஹாரன் தானாக அலறியது, விளக்குகள் இடது வலது என்று ஆடின, எஞ்சின் மட்டும் சும்மா இருந்தது. அப்புறம் பானட்டுக்குள்ளிருந்து புகை வந்தது. பின்னால் எங்கள் மொத்த நெல். நான் சாவியைத் திருப்பி அணைத்துப் பார்த்தேன், எதுவும் அணையவில்லை. உங்கள் அத்தை "ஐயோ நெல்லு!" என்று கத்திக்கொண்டு, மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த கருக்கரிவாளோடு ஓடிவந்தாள். முந்தானையைக் கையில் சுற்றிப் பானட்டைத் தூக்கினாள். சிவப்பு, பச்சை, மஞ்சள் மூன்றையும் கொத்தாகப் பிடித்து, கதிர் அறுக்கிற மாதிரி ஒரே இழுப்பு. பொறி பறந்தது. அப்புறம் எல்லாம் அடங்கிப்போய் அமைதியாக இருந்தது. எத்தனையோ நாளைக்குப் பிறகு எங்கள் வண்டி சத்தமில்லாமல் இருந்தது. எல்லோரும் சேர்ந்து சரிவில் தள்ளினோம், எஞ்சின் பிடித்துக்கொண்டது. கடைசி மூட்டை எடை போட்டு உள்ளே போன பிறகுதான் முதல் தூறல் விழுந்தது. நெல் தப்பியது மாப்பிள்ளை.

திரும்பி வரும்போது அவளும் வண்டியில் இருந்தாள். பாதி வழியில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "நெல்லப் பாத்ததும் எனக்கு மாப்பிள்ளை ஞாபகமே வல்லீங்க. எம்பொண்ணு வாழ்க்கையில நானே அருவாள வச்சுட்டேனே" என்றாள். நான் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அழுகையோடேயே செம்மொழிக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னாள்.  அப்புறம் உங்கள் வீட்டுக்காரி சிரித்த சிரிப்பு இருக்கிறதே, வண்டியை ஓரம் கட்டிவிட்டேன். "யம்மா, இதுக்கா அழுவுற? இங்க இவரு வேலை பாத்தப்புறம் ஃபேன் சுவிட்ச தட்டுனா பாத்ரூம் லைட்டு எரிஞ்சுச்சு. காலிங்பெல்ல அமுக்குனா மோட்டார் ஓடுச்சு. அவரு ஆபீஸ் கெளம்புனதும் எலக்ட்ரீசியனக் கூப்புட்டு எல்லாத்தையும் பிரிச்சு ஒழுங்கா மாட்டிருவேன். சாயங்காலம் வந்து சுவிட்சத் தட்டிப் பாத்துட்டு, 'எப்படி நம்ம வேலை?'ன்னு கேப்பாரு. 'பிரமாதம்'பேன். நீ ஒரு தடவ வெட்டுனதுக்கே அழுவுற, நான் கல்யாணம் ஆன நாள்லேருந்து வெட்டிக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள். உங்கள் அத்தை அழுகையை நிறுத்திவிட்டு, மூக்கைச் சிந்திவிட்டு, அவளும் சிரித்தாள். பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு அவள் இப்படிச் சிரித்து இன்றைக்குத்தான் பார்க்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அந்த ரிலேவைச் சாமி மாடத்திலிருந்து எடுத்துக் குப்பையில் போட்டாள்.

இந்த விஷயம் தங்களுக்கு மட்டும் தெரியவே கூடாது என்று செம்மொழி எங்கள் இரண்டு பேரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறாள். நானும் சத்தியத்தை மீறி வெளியில் ஒருத்தரிடமும் மூச்சு விடவில்லை. மாப்பிள்ளையிடம் ஒன்றை மறைத்தால் அது மரியாதையாக இருக்காது என்பதால் தங்களிடம் மட்டும் சொல்லியிருக்கிறேன்.